பேடில் கிட் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

மோர்ஸ் பேடில் என்பது விரலால் லீவரை அழுத்தி, ரேடியோவில் மோர்ஸின் குறுகிய ஒலியையும் (டிட்) நீண்ட ஒலியையும் (டாஹ்) வரவழைக்கும் கருவி. அதன் கிட்டைக் கட்டிவிட்டு "டிட் வரவே மாட்டேன் என்கிறது" என்று என்னிடம் கொண்டுவரும் நண்பர்கள், வருவதற்கு முன்பே எல்லா இணைப்பையும் இன்னொரு முறை சூடாக்கியிருப்பார்கள். பழுதோ ரேடியோவின் மெனுவில் இருக்கும், இல்லையென்றால் பிளக்குக்குள் இருக்கும். அதைத் தேடப்போய், நன்றாக இருந்த போர்டில் தாமிரப் பேட் (சால்டர் பிடிக்கும் தாமிரப் பொட்டு) பெயர்ந்து நிற்கும். பார்க்கவே மனசு கஷ்டப்படும். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பேடில் என்ன செய்கிறது என்று கவனித்து, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசும் வேலையும் இல்லாத சோதனைகள் முதலில் வரும். சால்டரிங் அயர்ன் கடைசியில்தான்.

இங்கே சொல்வது தொடுமுனைகள் திறந்து மூடும் இரட்டை லீவர் பேடில்களுக்கு. பித்தளைக் கட்டையில் ஸ்க்ரூ போட்டுக் கட்டும் வகைக்கும், போர்டுத் துண்டுகளையே செங்குத்தாக நிறுத்திச் சால்டர் செய்யும் வகைக்கும் பொருந்தும். ஒற்றை லீவருக்கும் பெரும்பாலும் சரிவரும். விரல் பட்டாலே வேலை செய்யும் டச் பேடில் வேறு ரகம், அது இதில் சேராது.

## தொடங்கும் முன்

பேடிலை அழுத்தியதும் ரேடியோவைத் தானாக அனுப்ப வைக்கும் பிரேக்-இன் வசதியை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான ரேடியோக்களில் அப்போது பேடிலை அழுத்தினால் சைடுடோன் (அடிப்பதை நமக்கே கேட்க வைக்கும் ஒலி) மட்டும் கேட்கும், அலை வெளியே போகாது. அந்த வசதி இல்லாத சிறிய கிட் ரேடியோ என்றால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோட் (அலையை வெளியே விடாமல் வாங்கிக்கொள்ளும் சுமை) மாட்டுங்கள். பழுதான பேடில் ஓயாமல் டாஹ் அடித்துக்கொண்டிருந்தால், யாரோ ஒருவர் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய சிக்னலின் மேல் நாம் ஏறி நிற்கிறோம் என்று பொருள்.

அடுத்து, ஒரு சோதனை பிளக். 3.5 மி.மீ ஸ்டீரியோ பிளக் ஒன்றில் மூன்று துண்டு ஒயரைச் சால்டர் செய்து, மறுமுனைகளை உரித்து அப்படியே விட்டுவிடுங்கள். பிளக்கின் நுனி டிட், நடு வளையம் டாஹ், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். நுனி ஒயரை அடி ஒயரோடு தொட்டால் டிட் வர வேண்டும், நடு ஒயரைத் தொட்டால் டாஹ் வர வேண்டும். பழுது ரேடியோவிலா பேடிலிலா என்று பத்து விநாடியில் சொல்லிவிடும் கருவி இது. கிட்டைப் பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்துவைக்கச் சொல்வேன். சால்டர் பழகவும் ஆயிற்று.

மூன்றாவது மல்டிமீட்டர். ஆனால் பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பல மீட்டர்கள் சில பத்து ஓம் இருந்தாலும் பீப் அடித்துவிடும். ஓம் அளவில் வைத்து எண்ணைப் பாருங்கள். மீட்டர் ஒயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 0.2 முதல் 0.5 ஓம் வரை இருக்கும். பேடிலை அளக்கும்போது அதைக் கழித்துவிட வேண்டும்.

## இரண்டு பக்கமும் மௌனம்

சோதனை பிளக்கைக் குத்திப் பாருங்கள்.

அதிலும் ஒன்றும் வரவில்லை. அப்படியானால் பேடில் மேல் தப்பில்லை, அதை ஓரமாக வையுங்கள். ரேடியோ சிடபிள்யூ மோடில் (மோர்ஸ் அனுப்பும் முறை) இருக்கிறதா? சைடுடோன் ஒலி அளவு பூஜ்யத்தில் கிடக்கிறதா? லீவர் அழுத்தத்தை டிட், டாஹ்களாக்கும் கீயர் இயக்கப்பட்டிருக்கிறதா? வெளி ஸ்பீக்கர் ஜாக்கும் பல ரேடியோக்களில் அதே 3.5 மி.மீதான், பின்பக்கம் கையால் தடவிக் குத்தும்போது மாறிப்போகும். எல்லாம் சரி என்றால், சோதனை பிளக்கின் நுனிக்கும் அடிக்கும் நடுவே டிசி வோல்ட் அளந்து பாருங்கள், அப்புறம் நடு வளையத்துக்கும் அடிக்கும். இன்றைய ரேடியோக்களில் பொதுவாக 3.3 அல்லது 5 வோல்ட்டை ஒட்டி வரும். இரண்டிலும் பூஜ்யம் என்றால் உள்ளே ஜாக்கோ, போர்டின் தாமிரக் கோடான ட்ராக்கோ போயிருக்கிறது. ரேடியோவைத் திறந்து பழக்கம் இல்லாதவர் அத்தோடு நிறுத்தி டெக்னீஷியனிடம் கொடுத்துவிடலாம்.

பழைய வால்வு ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் கீ ஜாக்கில் நூறு வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். பேடிலை நேரடியாக அதில் குத்தக் கூடாது, உலோக லீவரில்தானே விரல் இருக்கிறது. அந்த வோல்ட்டைத் தாங்கும் வெளிக் கீயர் ஒன்று நடுவில் இருந்தே ஆக வேண்டும்.

சோதனை பிளக்கில் வருகிறது, பேடிலில் வரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போவது அரிது. ஆகவே இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிளக்கின் அடிப்பகுதிக்கும் லீவருக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். இணைப்பே இல்லாமல் திறந்திருந்தால், கிரவுண்ட் ஒயர் சேரும் ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். பெயின்ட் அடித்த அடிக்கட்டை என்றால் அந்த ஸ்க்ரூவின் கீழ் பெயின்ட் அப்படியே இருக்கும். ஒரு வாஷர் அளவுக்குச் சுரண்டி உலோகத்தைக் காட்டினால் போதும்.

## குத்தியதும் டாஹ் ஓயாமல் ஓடுகிறது

முதலில் பிளக்கைப் பாருங்கள். அதில் எத்தனை கறுப்புக் கோடு இருக்கிறது? ஒரு கோடு என்றால் மோனோ. அதன் நீண்ட அடிப்பகுதி ஜாக்கின் நடுத் தொடுமுனையையும் கிரவுண்டோடு சேர்த்துவிடும், டாஹ் நிற்காது. இரண்டு கோடு உள்ள ஸ்டீரியோ பிளக்தான் வேண்டும். மூன்று கோடு இருந்தால் அது மைக் உள்ள ஃபோன் ஹெட்செட்டின் பிளக், அதுவும் வேண்டாம். 6.35 மி.மீ ஜாக்குக்கு அடாப்டர் போட்டிருந்தால் அந்த அடாப்டரும் ஸ்டீரியோதானா என்று பாருங்கள். பிளக் சரியாக இருந்து, அடாப்டர் மோனோவாக இருந்ததில் ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

பிளக் கடைசி வரை போய் 'கிளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா? கெட்டியான ரேடியோ உறையில் பிளக்கின் பருத்த பிளாஸ்டிக் உடம்பு இடித்துக்கொண்டு, உலோகம் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். மெல்லிய உடம்புள்ள பிளக்குக்கு மாறுவதுதான் வழி.

இரண்டும் சரி என்றால் பிளக்கை வெளியே எடுத்து, லீவரைத் தொடாமல், நடு வளையத்துக்கும் அடிக்கும் நடுவே அளங்கள். திறந்திருக்க வேண்டும். ஓம் காட்டினால் பேடிலில் ஷார்ட். தொடுமுனை ஸ்க்ரூவை இரண்டு சுற்று பின்னால் விடுங்கள். ஷார்ட் போய்விட்டால் இடைவெளிதான் பிரச்சினை, வேறொன்றும் இல்லை.

போகவில்லை என்றால், பித்தளைக் கிட்டில் தொடுமுனைத் தூணுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே இருக்க வேண்டிய நைலான் வாஷரைப் பாருங்கள். கழுத்து உள்ள வாஷர் அது. கழுத்து ஓட்டைக்குள் இறங்க வேண்டும். தலைகீழாகப் போட்டாலோ, ஸ்க்ரூவை முறுக்கி முறுக்கி அது விரிசல் விட்டிருந்தாலோ தூண் நேராகக் கட்டையைத் தொடும். போர்டு வகைக் கிட்டில் ஜாக்கின் கால்களுக்கு நடுவே சால்டர் பாலம் கட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். காந்தம் உள்ள பேடில் என்றால் அரம் தேய்த்த இரும்புத்தூள் காந்தத்தில் மீசை போல ஒட்டிக்கொண்டு தொடுமுனை வரை நீண்டிருக்கலாம். துணியால் துடைத்தால் போகாது. ஒட்டும் டேப்பை அழுத்தி எடுங்கள், வந்துவிடும்.

ஒன்றுமே குத்தாமல் ரேடியோ தானாக டாஹ் அடித்தால் அதன் ஜாக் உள்ளே வளைந்திருக்கிறது. அது டெக்னீஷியன் வேலை.

## ஒரு லீவரில் நீண்ட ஒலி, மற்றதில் ஒன்றுமில்லை

இதைக் கேட்டதும் யாரும் அயர்னைச் சூடாக்க வேண்டாம். டிட் லீவரை அழுத்தினால் விடும் வரை 'பீ...' என்று நீளமாக வருகிறது, டாஹ் லீவர் மௌனம் என்றால், ரேடியோ உங்கள் பேடிலைச் சாதாரணக் கீ என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மெனுவில் பேடில் அல்லது ஐயாம்பிக் (இரண்டு லீவரையும் சேர்த்துப் பிடித்தால் டிட்டும் டாஹ்ஹும் மாறி மாறி வரும் முறை) என்று மாற்றுங்கள்.

மாற்றியும் சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லையா? சில கீயர்கள் மின்சாரம் போட்ட கணத்தில் ஜாக்கைப் பார்த்து, டாஹ் பக்கம் மூடியிருந்தால் 'இது சாதாரணக் கீ' என்று முடிவு கட்டிவிடும். பேடிலில் கை வைத்துக்கொண்டே ரேடியோவை ஆன் செய்தாலும் இப்படி ஆகும். கையை எடுத்துவிட்டு அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

## டிட்டும் டாஹ்ஹும் இடம் மாறி வருகின்றன

வலது கைக்காரர்களின் வழக்கம் கட்டைவிரலில் டிட், ஆள்காட்டி விரலில் டாஹ். மாறி வந்தால் மெனுவில் 'ரிவர்ஸ்' இருக்கும், ஒரே தட்டு. உங்கள் ரேடியோவில் அது இல்லை, அல்லது பேடிலை எடுத்துக்கொண்டு வேறு ரேடியோக்களிலும் உட்காருவீர்கள் என்றால் மட்டும் ஒயரை மாற்றிச் சால்டர் செய்யலாம்.

## ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டு வருகிறது

மிக அதிகமாக வருவதும், ஆளை மிக அதிகமாகக் குழப்புவதும் இதுதான். எஸ் (மூன்று டிட்) அடித்தால் ஐ (இரண்டு டிட்) வரும், எச் (நான்கு டிட்) அடித்தால் எஸ் வரும். நம் கை சரியில்லையோ என்று தோன்றும். நிதானமாகப் போவோம்.

முதலில் இடம் மாற்றும் சோதனை. டிட் விட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மெனுவில் ரிவர்ஸ் போடுங்கள். இப்போது டாஹ் விட்டுப் போகிறதா? அப்படியானால் பழுது அந்த லீவரோடு, அதன் ஒயரோடு இருக்கிறது. ரிவர்ஸ் போட்ட பிறகும் டிட்டே விட்டுப் போனால் கை அல்லது கீயர். இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்திவிடும்.

லீவர் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. பிளக்கைக் கழற்றி மீட்டரில் மாட்டி, லீவரை மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். நல்ல பேடிலில் 1 ஓமுக்குக் கீழே வந்து அசையாமல் நிற்கும். 5 ஓம் காட்டி அப்படியே நின்றாலும் பயப்பட வேண்டாம், கீயருக்கு அது போதும். பயப்பட வேண்டியது தாவும் எண்ணுக்குத்தான். 1, பிறகு 300, பிறகு திறந்துவிட்டது, மறுபடி 2. இப்படி ஆடினால் கீழே சொல்லும் வரிசையில் தேடுங்கள்.

தொடுமுனையில் படலம். அன்றைக்குத்தான் கட்டிய பேடில் என்றால் முதல் சந்தேகம் பிளக்ஸ்தான், அதாவது சால்டர் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ரோசின். பக்கத்தில் சால்டர் செய்யும்போது கொதிக்கும் ரோசின் தெறித்துத் தொடுமுனையில் உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மின்சாரம் போகாது. வழவழப்பான வெள்ளைத்தாள் ஒன்றை விரல் அகலத்துக்கு வெட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தொடுமுனைகளுக்கு நடுவே வைத்து, லீவரை மெல்ல மூடிக்கொண்டு தாளை வெளியே இழுங்கள். மூன்று நான்கு முறை. கடைசியில் ஒரு காய்ந்த தாள். மீட்டர் எண் உடனே இறங்கினால் வேலை முடிந்தது. பழைய பித்தளைத் தொடுமுனை கறுத்திருந்தாலும் இதுவே மருந்து.

உப்புத்தாள் மட்டும் வேண்டாம். தங்க முலாம் ஒரு சில இழுப்பில் போய்விடும், அடியில் இருக்கும் உலோகம் கறுக்கத் தொடங்கும், பிறகு வாரம் ஒருமுறை துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இடைவெளி. மிக அகலமாக வைத்திருந்தால் வேகத்தில் விரல் முழுதும் போய்ச் சேராது. எழுதும் தாள் ஒன்றின் கனம் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. இரண்டு தாள் நுழையும் இடைவெளியில் தொடங்குங்கள். கை பழகப் பழக ஒரு தாளுக்குக் குறைக்கலாம். சரிசெய்தபின் பூட்டு நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுற்றும். ஆலன் சாவியால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகுங்கள்.

லீவரின் அச்சு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பல பித்தளைப் பேடில்களில் கிரவுண்ட் லீவருக்கு வருவதே அச்சு ஸ்க்ரூ அல்லது பேரிங் வழியாகத்தான். குண்டுகள் உருளும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். பேரிங்கில் கிரீஸ் இருந்தால் இன்னும் மோசம். சோதிப்பது எளிது: முதலை கிளிப் ஒயர் ஒன்றால் லீவரை நேரடியாகக் கிரவுண்டோடு இணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். விட்டுப்போவது நின்றுவிட்டால் பழுது அச்சில். முடி போன்ற மெல்லிய, பல இழை ஒயர் ஒன்றைத் தளர்வாக வளைத்து லீவருக்கும் அடிக்கட்டைக்கும் நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். லீவரின் அசைவை அது இழுக்கக் கூடாது, அதுதான் கவனிக்க வேண்டியது.

ஒயரும் பிளக்கும். ஒரு கையால் லீவரை அழுத்திப் பிடித்து, மறு கையால் ஒயரை பிளக்கின் கழுத்திலிருந்து அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே வாருங்கள். எண் எங்கே தாவுகிறதோ அங்கேதான் முறிவு. பெரும்பாலும் பிளக்கிலிருந்து முதல் இரண்டு அங்குலத்துக்குள் இருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு புது பிளக் போடுங்கள். பிளக்கின் மூடியை முதலில் ஒயரில் கோத்துவிட்டுத்தான் சால்டர் செய்ய வேண்டும்.

டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத சால்டர் இணைப்பு). இத்தனையும் தாண்டிய பிறகே இதற்கு வாருங்கள். இணைப்பை மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எண் ஆடும் இணைப்பை மட்டும் சரிசெய்யுங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள். மங்கலாக இருப்பதை வைத்து மட்டும் கெட்டது என்று முடிவு செய்யவும் வேண்டாம். ஈயம் இல்லாத சால்டர் நன்றாகப் பிடித்தாலும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்.

## நான் அடிக்காத எழுத்து சேர்ந்துகொள்கிறது

எது சேர்கிறது என்று கேளுங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது.

எதிர்வகை சேர்கிறது. ஏ அடித்தால் ஆர் வருகிறது, என் அடித்தால் கே வருகிறது. டிட்-டாஹ் முடிந்ததும் ஒரு டிட், டாஹ்-டிட் முடிந்ததும் ஒரு டாஹ். பேடிலில் எந்தக் குறையும் இல்லை. கீயர் ஐயாம்பிக் 'பி' முறையில் இருக்கிறது, உங்கள் கை 'ஏ' முறைக்குப் பழகியிருக்கிறது. 'பி' முறையில், இரண்டு லீவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டு விட்டால் ஓடிக்கொண்டிருப்பது முடிந்தபின் எதிர்வகை ஒன்று கூடுதலாக வரும். 'ஏ' முறையில் ஓடுவது முடிந்ததும் நிற்கும். தலைகீழாக, சி அடித்தால் கடைசி டிட் விழாமல் கே வருகிறது என்றால், 'பி' கையோடு 'ஏ' கீயரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மெனுவை மாற்றினால் போதும். எது உயர்ந்தது என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. பழகிய முறையை விடாமல் இருங்கள்.

அதே வகை சேர்கிறது. எஸ் அடித்தால் எச். வேகத்தை நிமிடத்துக்கு 10 சொல்லாகக் குறைத்து, லீவரைச் சட்டென்று ஒரு தட்டு தட்டி விடுங்கள். அப்போதும் இரண்டு டிட் வந்தால் லீவர் துள்ளுகிறது. விட்டதும் வேகமாகப் பின்னால் போய் நிறுத்தத்தில் மோதி, திரும்ப வந்து தொடுமுனையைத் தொடுகிறது. ஸ்பிரிங் இழுவிசையைக் கொஞ்சம் மாற்றி, இடைவெளியையும் சற்றே கூட்டிப் பாருங்கள். 10 சொல்லில் சரியாக இருந்து 20 சொல்லில் மட்டும் சேர்ந்தால் விரல் தாமதமாக விடுகிறது. 20 சொல் வேகத்தில் ஒரு டிட் 60 மில்லிவிநாடி, அடுத்து அதே அளவு இடைவெளி. 120 மில்லிவிநாடியில் லீவர் இன்னும் மூடியிருந்தால் அடுத்த டிட் கிளம்பிவிடும். பயிற்சியில் சரியாகும். அதற்காகப் பேடிலைப் பிரிக்காதீர்கள்.

டாஹ் அடிக்கும்போது நடுவில் டிட் நுழைகிறது. டிட் பக்க இடைவெளி மிகக் குறுகல், அல்லது அச்சில் ஆட்டம். டாஹ்ஹின் அதிர்ச்சியிலேயே டிட் மூடிக்கொள்கிறது. அரைத் தாள் அளவு திறந்துவிடுங்கள்.

## லீவர் ஒட்டிக்கொள்கிறது, திரும்பி வருவதில்லை

அச்சு ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்துங்கள். லீவர் தன் எடையில் தானே ஆட வேண்டும், மேலும் கீழுமாகத் துளியும் ஆடக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் கையில் பிடிபட நேரமாகும், பொறுமையாகத் தேடுங்கள். தளர்த்தியும் உராய்ந்தால் ஓட்டையின் விளிம்பில் பிசிறு இருக்கும். பெரிய துளையிடும் பிட் ஒன்றைக் கையால் பிடித்து இரண்டு திருப்பு திருப்பினால் பிசிறு போய்விடும். போர்டு வகையில் பிளக்ஸ் வழிந்து அச்சில் இறங்கியிருக்கலாம். ஆல்கஹால் விட்டுக் கழுவுங்கள். பேரிங் என்றால் அதன் எண்ணெயும் சேர்ந்து போய்விடும், காய்ந்தபின் ஊசி முனையில் எடுத்து ஒரு துளி மெல்லிய எண்ணெய் வையுங்கள்.

காந்தத்தால் திரும்பும் பேடிலில் லீவர் ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டால் ஒரு காந்தம் தலைகீழாக இருக்கிறது. பசை போடும் முன்பே இரண்டையும் எதிரெதிரே பிடித்து, தள்ள வேண்டியது தள்ளுகிறதா, இழுக்க வேண்டியது இழுக்கிறதா என்று பார்த்து மார்க்கரால் புள்ளி வையுங்கள். விசை குறைந்துகொண்டே வந்தால் சூடு பட்டிருக்கும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவை இழக்கத் தொடங்கும், இழந்தது ஆறியபின் முழுதும் திரும்பாது. சால்டர் வேலை எல்லாம் முடிந்தபிறகே காந்தத்தை ஒட்டுங்கள்.

இரண்டு ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் துளையிடப்பட்டிருந்தால் எந்தச் சரிசெய்தலும் நிற்காது. அதை லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது கிட் தயாரித்தவரிடம் மாற்றுப் பாகம் கேளுங்கள். அரத்தால் ஓட்டையைப் பெரிதாக்கினால் ஆட்டம்தான் மிஞ்சும்.

## உண்மையாக அனுப்பும்போது மட்டும் பைத்தியம் பிடிக்கிறது

சைடுடோனில் அழகாக அடிக்கிறது. பிரேக்-இன் போட்டு ஆன்டெனாவில் அனுப்பினால் டிட்டுகள் சிதறுகின்றன. ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோட் மாட்டிப் பாருங்கள். அதில் ஒழுங்காக இருந்தால் ஆன்டெனாவின் ஆர்எஃப் (ரேடியோ அலை) பேடில் ஒயருக்குள் நுழைகிறது. திறனை 5 வாட்டுக்குக் குறைத்தால் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

காசில்லாத வழி: பேடில் ஒயரை ஆன்டெனா கேபிளை விட்டுத் தள்ளி வையுங்கள், நீளத்தைக் குறையுங்கள். அடுத்து, ஃபெரைட் வளையத்தில் ஒயரை ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பேடிலின் ஜாக்கிலேயே டிட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஒன்று, டாஹ்ஹுக்கும் கிரவுண்டுக்கும் ஒன்று என 10 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் போடுங்கள். அதன் மேல் 103 என்று எழுதியிருக்கும். ஷீல்டு இல்லாத ஒயரை ஷீல்டு உள்ளதாக மாற்றுவது நல்லது. அடிக்கட்டையைக் கையால் தொடும்போது மட்டும் கோளாறு வந்தால், அந்தக் கட்டை கிரவுண்டோடு சேரவில்லை, சேர்த்துவிடுங்கள்.

அனுப்பும்போது பேடிலிலோ ரேடியோ உறையிலோ விரல் சுரீரென்றால் உடனே நிறுத்துங்கள். இது பேடில் பிரச்சினையே இல்லை. அனுபவமுள்ள ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) ஒருவரை அழைத்து ஆன்டெனா, ஃபீட்லைன் (ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்), எர்த் மூன்றையும் பார்த்த பிறகுதான் மறுபடி அனுப்ப வேண்டும். அனுப்பாத நேரத்திலும் சுரீரென்றால் மின் இணைப்பில் கோளாறு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அயர்னை எடுத்தே ஆக வேண்டும் என்றால்

சால்டர் உருண்டையாக நிற்கிறது, பரவவில்லை. பித்தளைக் கட்டையும் அகலமான கிரவுண்ட் தாமிரமும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சூட்டை ஏற்றாதீர்கள், முனையைப் பெரிதாக்குங்கள். தட்டையான அகல முனை போதிய சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 63/37 (வெள்ளீயம்-ஈயம்) சால்டர் 183 டிகிரியில் உருகும், அயர்னை 330 முதல் 350 வரை வைத்தால் போதும். ஈயம் இல்லாததற்கு 370 வரை போகலாம். பித்தளையை முதலில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ரோசின் பிளக்ஸ் தடவுங்கள். குழாய் வேலைக்கான ஆசிட் பிளக்ஸ் உடனே பிடிக்கும், பிறகு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும், வேண்டவே வேண்டாம்.

பழைய இயர்ஃபோன் ஒயரில் ஒட்டவில்லை. அதன் இழைகள் ஒவ்வொன்றிலும் நிறமான லாக்கர் பூச்சு உண்டு. அயர்னை 400 டிகிரிக்கு ஏற்றி, முனையில் ஒரு சொட்டு சால்டர் வைத்து, இழை நுனியை அதில் முக்கிப் பிடியுங்கள். பூச்சு எரிந்து இழை வெள்ளையாகும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

ஜாக்கின் கால் சாய்ந்துவிட்டது. பிளாஸ்டிக் இளகிவிட்டது. அடுத்த முறை, ஜாக்குக்குள் உபரி பிளக் ஒன்றைக் குத்திவைத்துவிட்டு, ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்காமல் செய்யுங்கள். பிளக் உள்ளே இருப்பதால் தொடுமுனைகள் இடம் மாறாது.

செங்குத்துப் போர்டு சாய்ந்து நிற்கிறது. சால்டர் ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஒரு முனையில் ஒரு பொட்டு மட்டும் வையுங்கள், மூலைமட்டத்தால் பாருங்கள், தேவையானால் அந்தப் பொட்டை இளக்கி நிமிர்த்துங்கள். பிறகு மறுமுனையில் எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு. இரண்டும் நின்றபின் நடுவை நிரப்பலாம்.

தொடுமுனையில் சால்டர் ஏறிவிட்டது. தங்க முலாம் சால்டரில் கரைந்துவிடும், அந்தத் தொடுமுனை இனி அதே போல் இருக்காது. மாற்றுங்கள். அதற்காகத்தான் சால்டர் செய்யும்போது தொடுமுனையைத் துண்டுத்தாளால் மூடிவைக்கச் சொல்வது.

பேட் பெயர்ந்துவிட்டது. அதை ஒட்டவைக்க முயலாதீர்கள். அந்தப் பேட் இருந்த இடத்திலிருந்து போகும் ட்ராக்கைத் தேடி, பச்சைப் பூச்சை ஒரு அரிசி நீளத்துக்குச் சுரண்டி, அங்கிருந்து ஜாக்கின் காலுக்கு மெல்லிய ஒயர் போடுங்கள். ஒன்று பெயர்ந்தால் இது போதும். இரண்டு மூன்று பெயர்ந்து, ட்ராக்கும் கிழிந்திருந்தால், போர்டு பழுதுபார்த்துக் கை பழகியவரிடம் கொடுங்கள், அல்லது தயாரித்தவரிடம் வெறும் போர்டு மட்டும் கேட்டு வாங்குங்கள். மேலும் மேலும் சூடாக்கினால் நல்ல பேட்களும் போகும்.

வேலை முடிந்ததும் பிளக்ஸைக் கழுவி, கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஈயம் தொட்ட கை. பிறகு பிளக்கில் மீட்டரை வைத்து நான்கு அளவு எடுங்கள்: டிட் திறந்து, டிட் மூடி, டாஹ் திறந்து, டாஹ் மூடி. அந்த நான்கு எண்ணையும் தேதியையும் சிறு சீட்டில் எழுதிப் பேடிலின் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை டிட் விட்டுப் போனால் முதலில் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அளக்கலாம்.